லெட்சுமின்னு கூப்பிட்டா எந்த லெட்சுமி?

வணக்கம் அங்கிள். நான் மலேசியாவுல, கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன். எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சிட்டு நர்சிங் கேட்டேன், கிடைக்கல. அதனால கிளினிக் அட்மின் கோர்ஸ் ஒண்ணு எடுத்திருக்கேன், ஆறு மாசம். இப்ப ஒரு கிளினிக் கவுண்டர்ல டிரெய்னிங். நோட்ஸ்ல இருக்கிறது ஒண்ணு, இங்க நடக்கிறது ஒண்ணு. ஐசிடி கோட், ஹிப்பா எல்லாம் மனப்பாடம் பண்ணணுமா? மலாய் கொஞ்சம் வீக், பரவால்லயா? வயசானவங்க வேற எதக் கேட்டாலும் தலையாட்டிட்டு உக்காந்துடுறாங்க, டென்ஷனாவுது. வெறும் கவுண்டர் வேலைக்கு எதுக்கு ஆறு மாசம்னு வீட்ல திட்டுறாங்க. கோர்ஸ முடிக்கவா, இல்ல விட்டுட்டு நேரா வேலைக்குப் போய்டவா?

– ஒரு வாசகி, செந்தூல்

வணக்கம்மா,

நீ நாலு கேள்வி கேட்டிருக்க. ஆனா என்னைப் புடிச்சு உக்கார வெச்சது கேள்வியே இல்லாத அந்த ஒரு வரிதான். தலையாட்டிட்டு உக்காந்துடுறாங்க. போன வாரம் எங்கம்மாவோட பீரோவ ஒழிச்சேன், மைலோ டின் ஒண்ணு நிறைய பழைய அப்பாய்ன்ட்மென்ட் கார்டு, ரப்பர் பேண்ட் போட்டு கட்டி வெச்சிருந்தாங்க. அதுலருந்து இந்த விஷயந்தான் மண்டையில ஓடிட்டிருக்கு, அந்த நேரம் பாத்து உன் கடிதம்.

சின்னச் சின்னத மொதல்ல முடிச்சிடறேன். மலாய் வீக்குன்னா கத்துக்க, இதுல என்கிட்ட கேக்க என்ன இருக்கு. ஐசிடி கோட மனப்பாடம் பண்ணாத, அது உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல், ஆயிரக்கணக்குல கெடக்கு, தேடினா வரும். ஹிப்பாங்கிறது 1996-ல அமெரிக்காவுல போட்ட சட்டம், நோயாளி தகவல் ரகசியம் எல்லாம் அதுல வரும், அத ஏன் செந்தூல்ல உக்காந்து படிக்கிறேன்னு உன் டீச்சர்கிட்டயே கேளு. எங்கயோ ஒரு அமெரிக்க புக்க அப்படியே போட்டோஸ்டெட் எடுத்துக் குடுத்திருக்காங்க, வேற ஒண்ணுமில்ல. நம்ம ஊர்ல இருக்கிறது 2010-ம் வருசத்து பிடிபிஏ, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பர்ல. அரசாங்கத்துக்கு அது பொருந்தாது, ஆனா நீ உக்காந்திருக்கிற மாதிரி தனியார் கிளினிக்குக்குப் பொருந்தும். ஒருத்தரோட வியாதிய பத்து பேரு காதுல விழுற மாதிரி "ஆண்ட்டி, சுகர் மருந்து வாங்க வந்தீங்களா"ன்னு கவுண்டர்லருந்து கத்தாம இருந்தாலே அதுல பாதி படிச்ச மாதிரி.

அப்புறம் அந்த 'வெறும் கவுண்டர் வேல'. வீட்ல சொன்னாங்கன்னு எழுதியிருக்க, ஆனா உனக்கும் அந்த நெனப்பு இருக்கு, நர்சிங் கிடைக்கலன்னு ஆரம்பிச்ச பாரு அதுலயே தெரியுது. கோவம் வருதும்மா எனக்கு. கம்பெனி செலவுல மருந்து வாங்குற பேனல் கம்பெனிக்காரன் வந்தா லிமிட் பாக்கணும், ஜிஎல் (செலவ ஏத்துக்கிறோம்னு வர்ற கடிதம்) வரலன்னா போன் அடிக்கணும், நேத்து தேதி போட்டு எம்சி (மருத்துவ லீவு சீட்டு) குடுன்னு ஒருத்தன் வந்து நிப்பான், அது டாக்டர் முடிவு நான் எழுத முடியாதுன்னு சிரிச்சிட்டே சொல்லத் தெரியணும். ரெண்டு வருசத்துக்குக் கம்மியா வேல செஞ்சவனுக்கு வருசத்துக்கு 14 நாள்தான் எம்சி, அஞ்சு வருசம் தாண்டினா 22, அது முடிஞ்சவன்தான் உன்கிட்ட கெஞ்சுவான். டெங்கின்னு டாக்டர் சந்தேகப்பட்டா 24 மணி நேரத்துக்குள்ள சுகாதார ஆபீசுக்குத் தகவல் போகணும், அந்த போன அடிக்கிறது பல எடத்துல கவுண்டர் புள்ளைதான். தடுப்பூசி பிரிட்ஜ் 2-லருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கான்னு காலைல பாத்து எழுதறதும் அதே புள்ளைதான். இதெல்லாம் உன் நோட்ஸ்ல இருக்கா? இருக்காது. சரி விடு, இதெல்லாம் வேல செய்யச் செய்ய தானா வந்துடும்.

தானா வராத ஒண்ணு இருக்கு, அதச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்.

எங்கம்மா பேரு லெட்சுமி. பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிளினிக், பேரு வேணாம். 2014-ல நடந்தது. அம்மாவுக்கு பிரஷர் மட்டுந்தான், மாசா மாசம் மருந்து. அன்னிக்கு அங்க இன்னொரு லெட்சுமியும் வந்திருந்தாங்க, அவங்களுக்கு சுகர். ஒருத்தங்க அப்பா பேரு முனியாண்டி, இன்னொருத்தங்க அப்பா பேரு முனிசாமி, கம்ப்யூட்டர் லிஸ்ட்ல எடம் பத்தாம ரெண்டு பேரையும் 'லெட்சுமி ஏ/பி முனி'யோட வெட்டி விட்டிருக்கு (ஏ/பின்னா மலாய்ல இன்னாரோட மகள்). கவுண்டர்ல இருந்த புள்ள, உன் வயசுதான் இருக்கும், மருந்துப் பையத் தூக்கிட்டு "லெட்சுமி ஆண்ட்டி நீங்கதானே?"ன்னு கேட்டுச்சு. அம்மா தலையாட்டிட்டாங்க. அவங்க லெட்சுமிதானே, வேற என்ன சொல்லுவாங்க.

பாக்கெட்டு மேல பேரு முழுசா ஒட்டியிருந்துச்சு, மருந்து பேரும் இருந்துச்சு, யாரு படிச்சா. மாத்திர வேற கலர்ல இருக்கேன்னு அம்மா பாத்திருக்காங்க, டாக்டர் மாத்திக் குடுத்திருப்பாருன்னு முழுங்கிட்டாங்க. அது கிளிக்லசைடு, அந்த இன்னொரு லெட்சுமியோட சுகர் மாத்திர. சுகர் இல்லாதவங்க உடம்புல அது போனா இருக்கிற சர்க்கரையையும் எறக்கி விட்டுடும். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து பாக்கும்போது அம்மா வேர்த்து நனைஞ்சு, கை நடுங்கி, பேச்சு கொழறி உக்காந்திருந்தாங்க. அந்த அக்காதான் மைலோவ சீனி போட்டுக் கலக்கி ஊத்தியிருக்காங்க. ஆஸ்பத்திரில கொண்டு போனோம், அந்த மருந்து மறுபடி மறுபடி எறக்கும், வீட்டுக்கு விடமாட்டோம்னு ராத்திரி முழுக்க விரல்ல குத்திக் குத்திப் பாத்தாங்க. மறுநாள் தெளிஞ்சிட்டாங்க.

நான் அந்தப் புள்ளையத் திட்டணும்னுதான் கெளம்பினேன். அம்மா விடல. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, மருந்து வாங்கும்போது நான் எங்க இருந்தேன்? வெளிய கார்ல ஏர்கான் போட்டுட்டு போன் நோண்டிட்டு இருந்தேன். அம்மாவுக்கு மலாய், இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?

சரி, ஏன் தலையாட்டுறாங்கன்னு கேட்ட இல்ல, கேக்கல, டென்ஷனாவுதுன்னு சொன்ன. எங்கம்மா கெடா பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் எடுக்க மரம் சீவினவங்க. விடியறதுக்கு முன்னாடி பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. கிராணி, அதான் தோட்டத்து கிளார்க்கு, புத்தகத்தப் பாத்து பேரு கூப்பிடுவாரு, லெச்சிமி, லட்சுமி, லெட்சுமாயி, வாய்க்கு வந்தத. எப்படிக் கூப்பிட்டாலும் சத்தம் குடுத்துடணும், "அது என் பேரு இல்லைங்க"ன்னு நின்னா அன்னிக்கு பேரு விழாது, பேரு விழலன்னா சம்பளம் இல்ல. எழுதற மேசைக்குப் பின்னாடி உக்காந்திருக்கிறவங்க என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லணும், அது சின்ன வயசுலயே உடம்புல ஏறிப் போச்சும்மா. உனக்கு முன்னாடி அவங்க வந்து நிக்கும்போது அவங்க கண்ணுக்கு நீயும் கிராணிதான். நீ சின்னப் புள்ளைங்கிறதெல்லாம் கணக்குல வராது.

அதனால அவங்க மேல டென்ஷனாகாத. கேள்விய மாத்து. "நீங்கதானே லெட்சுமி"ன்னு எந்தக் காலத்துலயும் கேக்காத. "உங்க முழுப் பேரு என்னம்மா, அப்பா பேரு என்ன"ன்னு கேளு, அவங்க வாயால வரட்டும். ஆமான்னு பதில் சொல்லக்கூடிய கேள்விய நீ கேட்டாலே தப்பு உன்னுது. பெரிய ஆஸ்பத்திரில இதுக்குன்னு விதியே வெச்சிருக்காங்க, ரெண்டு அடையாளம் பாக்காம மருந்தும் குடுக்கக் கூடாது, ரத்தமும் எடுக்கக் கூடாது. சின்ன கிளினிக்ல கூட்டம் சேந்தா மொதல்ல பறக்கிறது இதுதான். அதுவும் நம்ம ஊர் தனியார் கிளினிக்ல டாக்டர பாத்த எடத்துலயே மருந்தும் குடுத்துடுறோம், தனியா பார்மசி கெடையாது, அங்க ஒருத்தர் மறுபடி சீட்டப் பாத்து சந்தேகம் கேக்கிறதும் கெடையாது. உன் கைய விட்டுப் போச்சுன்னா வாய்க்குள்ளதான்.

பொறந்த தேதி கேளுன்னு உன் நோட்ஸ்ல போட்டிருக்கும். எங்கம்மாகிட்ட கேட்டா "மாசி மாசம், நல்ல மழ"ன்னு சொல்லுவாங்க, ஐசில, அடையாளக் கார்டுல, இருக்கிற தேதி யாரோ குத்துமதிப்பா போட்டது. அதனால கார்ட கையில வாங்கு, 12 நம்பரையும் ஸ்கிரீனோட ஒத்துப் பாரு. மொத ஆறு பொறந்த தேதி, அடுத்த ரெண்டு எந்த மாநிலம், கடைசி நம்பர் ரெட்டப்படைன்னா பொம்பள. நம்ம சனத்துக்கு பேர நம்பவே நம்பாத. எல் ஈ டி சி எச்சுன்னு ஒரு லெட்சுமி, எல் ஏ கே எஸ் எச்சுன்னு இன்னொரு லெட்சுமி, ரெண்டும் பொறப்புப் பத்திரத்துல எவரோ காதுல விழுந்தத எழுதினது. சாப்ட்வேர் வேற குடும்பப் பேரு என்னன்னு கேக்கும், நமக்கு ஏது குடும்பப் பேரு, ஒரு புள்ள அங்க 'ஏ/பி'ன்னே போட்டு வெச்சு ஜிஎல் திரும்பி வந்த கதையெல்லாம் இருக்கு. ஒரே மாதிரி ரெண்டு பேரு இருந்தா ரெண்டு கார்டு மேலயும் சிவப்புப் பேனாவால எழுதி வை, டாக்டர் சொல்லட்டும்னு காத்திருக்காத.

மைலோ டின்ல இருந்த கார்டுல, 2014-க்கு அப்புறம் உள்ளது எல்லாத்துலயும் மேல மூலையில சிவப்புல '2 லெட்சுமி, ஐசி பார்' அப்படின்னு மலாய்ல எழுதியிருக்கு. எல்லாம் ஒரே கையெழுத்து. அந்தப் புள்ளையோடதுதான்னு நெனைக்கிறேன். அம்மா போற வரைக்கும் அங்கதான் மருந்து வாங்கினாங்க, வேற கிளினிக் மாத்தலாம்னு நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல.

ஆங், கோர்ஸ் பத்தி கேட்டிருந்த. காசு கட்டியாச்சுன்னா முடிச்சிடு.