கறிவேப்பிலை மரத்தடி மண்ணில் பூஞ்சை மருந்து கிடைக்குமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறோம். மகள் 11ஆம் வகுப்பு. எங்கள் கறிவேப்பிலை மரத்தடி மண்ணிலிருந்து பூஞ்சையைக் கொல்லும் நுண்ணுயிரைப் பிரித்து, பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைக்கப் போகிறாளாம். வீட்டிலேயே செய்யலாமா? கிடைத்தால் அவள் அப்பாவின் சேற்றுப்புண்ணில் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன். கூடாது, ஒரு சொட்டுகூட வேண்டாம். பூஞ்சையின் செல் நம் செல்லுக்கு நெருங்கிய உறவு. அதைக் கொல்வது நம்மையும் தாக்கலாம். அப்பாவுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் குளோட்ரிமசோல் களிம்பு போதும். விரலிடுக்கை நன்றாக உலர்த்திவிட்டுப் பூசட்டும். சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஆனால் மகளைத் தடுக்காதீர்கள். அவள் சரியான ஊரில்தான் தேடுகிறாள். நடாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லி 1950களில் உங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து மண்ணிலிருந்துதான் வந்தது. அதைச் சுரக்கும் பாக்டீரியாவின் பெயரே உங்கள் நேட்டாலை வைத்துத்தான்: ஸ்ட்ரெப்டோமைசிஸ் நேட்டாலென்சிஸ். இன்று சீஸின் மேல்தோலில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதும் அது, வயல் வேலையில் கண்ணில் ஏதாவது குத்திக் கருவிழியில் பூஞ்சை புகுந்தவர்களுக்குச் சொட்டு மருந்தும் அதுவே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், புதிய மருந்தான வோரிகோனசோலைவிட அது நன்றாக வேலை செய்தது. நம் பூட்டன்மார் கப்பலேறி விட்டுவந்த ஊர்க்காரர்களின் கண்ணை உங்கள் ஊர் மண் காப்பாற்றுகிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, செய்முறை. சமையலறையில் வேண்டாம், பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் கூட இருக்கும்போது செய்யட்டும். மண்ணில் என்னென்ன வளரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

ஒரு விரல் ஆழத்தில் ஒரு கரண்டி மண் எடுத்து, காகிதத்தில் பரப்பி ஒரு வாரம் நிழலில் காயவிட வேண்டும். பல பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். நாம் தேடும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகையின் வித்துகள் தாக்குப்பிடிக்கும். அப்புறம் கிருமி நீக்கிய தண்ணீரில் பத்துப் பத்து மடங்காகக் கரைத்து, தட்டில் ஊற்றிய ஸ்டார்ச் கேசின் அகாரில் (நுண்ணுயிர் வளர்க்கும் சத்துக்கூழ்) பரப்பி, 28 டிகிரியில் ஒரு வாரம் வைக்கலாம். பிசுபிசுவென்று மின்னுபவற்றை விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு தூவியதுபோல் உலர்ந்து, கம்பியால் கிளறினாலும் அகாரை விட்டுப் பெயராமல் அடம்பிடிப்பதுதான் நம் ஆள். முகர்ந்து பார்க்கக் கூடாது. ஆனால் மழை விட்டதும் எழும் மண்வாசனை இந்தக் கூட்டம் சுரக்கும் ஜியோஸ்மின்தான்.

அதைப் புதுத் தட்டின் நடுவே ஒரு கோடாக இழுத்து ஐந்தாறு நாள் வளர்த்தபின், ரொட்டி ஈஸ்ட்டைக் குறுக்கே கோடிட வேண்டும். ஈஸ்ட்டும் பூஞ்சைதான், ஆபத்தில்லாதது. அப்பாவின் காலிலிருந்து எதையும் எடுத்து வளர்க்கக் கூடாது. ஈஸ்ட் நடுக்கோட்டை நெருங்காமல் விலகி நின்றால், ஏதோ சுரக்கிறது என்று பொருள். ஒப்பிட ஈஸ்ட் மட்டும் உள்ள தட்டு கட்டாயம் வேண்டும். மூடியை டேப் போட்டு ஒட்டி, முடிந்ததும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவி) வைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும்.

"புது மருந்து கண்டுபிடித்தேன்" என்று மட்டும் எழுத வேண்டாம். கிடைப்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரிந்த பொருளாகத்தான் இருக்கும். நியூயார்க்கில் எலிசபெத் ஹேசன் என்ற நுண்ணுயிரியலாளர் மண்ணிலிருந்து வளர்த்ததை ஜாடியில் தபாலில் அனுப்புவார். ஆல்பனியில் வேதியியலாளர் ரேச்சல் பிரவுன் சாரத்தைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். பூஞ்சையைக் கொன்ற பல சாரங்கள் சோதனை விலங்குகளுக்கும் விஷமாயின. அதையெல்லாம் கழித்த பிறகுதான் 1950இல் நிஸ்டாடின் என்ற பூஞ்சை மருந்தை அறிவித்தார்கள்.

மகளின் தட்டில் இடைவெளி விழுந்தால் மண் எடுத்த இடம், தேதி, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்பதை எழுதி, படம் எடுத்து வைக்கட்டும். மூன்று முறை திரும்பச் செய்தும் அதே இடைவெளி வந்தால், ஆசிரியர் மூலமாக குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் துறையில் காட்டிக் கேட்கலாம்.