கணக்கியல் பாடநூல்களைப் பிரதி எடுப்பது பற்றி

வணக்கம் ரீச்சர். தமிழ்நாட்டுத் தொலைக்கல்விப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணக்கியல் பாடநூல்களை யாழ்ப்பாணத்திலுள்ள உங்கள் நிலையத்துப் பிள்ளைகளுக்குப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முழு நூலாக எடுக்காதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்குச் சில விலக்குகள் தருகிறது. ஆனால் நூல் முழுவதையும் பிரதி எடுக்க அதை நம்பி இறங்க வேண்டாம். முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். கிரியேட்டிவ் கொமன்ஸ் குறி, அதாவது சில நிபந்தனைகளோடு எவரும் பிரதி எடுக்கலாம் என்று உரிமையாளர் முன்கூட்டியே தரும் அனுமதிக் குறி, இருந்தால் தனியாக அனுமதி கேட்கத் தேவையில்லை. அதில் ‘என்.டி.’ (ND, மாற்றம் செய்யக்கூடாது) என்றிருந்தால் மட்டும், திருத்திய பதிப்பை வெளியிட முடியாது. குறி இல்லையென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு எழுதுங்கள்: எத்தனை பிரதி, எந்தப் பாடநெறி, அச்சுச் செலவை மட்டும் அறவிடுவீர்களா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

திருத்தும் உரிமையையும் அதே கடிதத்திலேயே கேளுங்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. சம்பளக் கணக்கை எடுத்துப் பாருங்கள். அந்த நூல்கள் எழுதப்பட்ட இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக்கு ஊழியரும் முதலாளியும் பொதுவாக ஆளுக்கு 12 சதவீதம். இங்கே இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8, முதலாளி 12. அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். நூலிலுள்ள பயிற்சியை அப்படியே செய்து பழகிய பிள்ளை இங்கே ஒரு கந்தோரில் சம்பளப் பட்டியல் போட்டால் பிழைதான் வரும், பாவம்.

அனுமதி கிடைத்தால் ஸ்கேன் பிரதியோடு நிற்காமல் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அலகு அலகாகச் சிறு கையேடுகளாக அடித்தால், வரி வீதம் மாறும்போது அந்த ஒன்றை மட்டும் திரும்ப அடிக்கலாம்.