திரையில் பளிச், தாளில் மங்கல்: அச்சு நிறம் பற்றிய கேள்வி-பதில்

கண்டாங்கிச் சேலைகளுக்கு கேட்லாக் அடித்தோம். திரையில் பளிச்சென்று இருந்த கிளிப்பச்சை, அச்சில் வாடிப்போய் வந்திருக்கிறது. பிரஸ்காரர் தவறா?
(ஜவுளிக்கடைக்காரர், காரைக்குடி)

பெரும்பாலும் அவர் தவறாக இருக்காது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் (ஆர்ஜிபி) நிறம் காட்டுகிறது. அச்சகத்தில் இருப்பதோ சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகள். பளீர்ப் பச்சை, பளீர் ஆரஞ்சு, அடர்நீலம் ஆகியவற்றை இந்த மைகளால் முழுதாக எட்ட முடியாது. ஆகவே கொஞ்சம் இழப்பு நிச்சயம். அதை அச்சான பிறகு பார்க்காமல், திரையிலேயே பார்த்துவிட வேண்டும்.

முதலில் எந்தத் தாள் என்று முடிவு செய்து, அந்தத் தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைலை (அந்தத் தாளில் மை எப்படி நிறம் காட்டும் என்று சொல்லும் கோப்பு) பிரஸ்ஸில் கேட்டு வாங்குங்கள். ஃபோட்டோஷாப்பில் வியூ மெனுவில் புரூஃப் செட்டப், கஸ்டம் போய் அதைத் தேர்ந்தெடுத்தால், படம் தாளில் எப்படி வரும் என்று காட்டும். கண்ட்ரோல்-ஒய் அழுத்தி அதைப் போட்டும் எடுத்தும் ஒப்பிடலாம். கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஒய் அழுத்தினால் மைக்கு எட்டாத இடங்கள் சாம்பலாகத் தெரியும்.

அந்தப் பச்சையை மட்டும் தேர்ந்தெடுத்து நிறச்செறிவைக் (சாச்சுரேஷன்) குறையுங்கள். மொத்தப் படத்திலும் குறைத்தால், ஒழுங்காக வந்திருக்க வேண்டிய அரக்கும் கடுகு மஞ்சளும் சேர்ந்து வெளுக்கும். என்னைக் கேட்டால், நிறம் ஒரு படி குறைந்தாலும் கட்டங்களின் இழை தெரிவதுதான் முக்கியம். வாங்குபவர் நெசவைத்தான் உற்றுப் பார்ப்பார். அதே புரூஃப் செட்டப்பில் 'ரெண்டரிங் இன்டென்ட்' (எட்டாத நிறங்களை மாற்றும் முறை) என்று இருக்கும்; எட்டாத நிறங்கள் நிறைய இருந்தால் 'பெர்செப்சுவல்', ஓரிரண்டுதான் என்றால் 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' வைத்துப் பாருங்கள். அப்புறம், மூல ஆர்ஜிபி கோப்பை அழித்துவிடாதீர்கள். நாளை வேறு தாளில் அடிக்க அதுதான் வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லின் படத்தை ஆர்ட் பேப்பரிலும் மேப்லித்தோவிலும் அடித்தோம். ஒரே கோப்புதான், ஆனால் இரண்டும் இரண்டு விதம்.
(டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி)

மேப்லித்தோ பூச்சில்லாத தாள், மையை உறிஞ்சும். புள்ளிகள் விரிந்து நிறம் கருத்து, மங்கலாகும். ஆர்ட் பேப்பர் பூச்சுள்ளது, அதில் மை மேலேயே நிற்கும். ஒரே கோப்பு இரண்டுக்கும் சரிப்படாது. பிரஸ்ஸில் சொந்த ப்ரொஃபைல் இல்லையென்றால், பூச்சுள்ள தாளுக்கு ஃபோக்ரா 39, பூச்சில்லாததற்கு ஃபோக்ரா 47 என்ற பொது அச்சுத் தரவுகளின் அடிப்படையிலான ப்ரொஃபைலை வைத்து இரண்டு கோப்புகளாகத் தயாரியுங்கள். கல்லைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை வைத்து எடுங்கள். வெள்ளைச் சமநிலையைப் பிறகு அதை வைத்துச் சரிசெய்யலாம்.

கானாடுகாத்தான் வீடுகளின் போஸ்ட் கார்டில் வானம் ஊதாவாகிவிட்டது.
(சுற்றுலா வழிகாட்டி)

மெஜந்தா கூடிவிட்டது. நீலப் பகுதிகளில் சயானை விட மெஜந்தா குறைந்தது 30 சதவீதம் தாழ்ந்திருக்கட்டும்.

கல்யாணப் பத்திரிகையில் சின்ன எழுத்துகளைச் சுற்றி நிழல் போல நிறம் கசிகிறது.
(டிடிபி மையம், தேவகோட்டை)

எழுத்தை ஆர்ஜிபி கருப்பில் வைத்து மாற்றியிருப்பீர்கள். அப்படி மாற்றும்போது நான்கு மைகளும் சேர்கின்றன. உதாரணமாக ஸ்வாப் (SWOP) என்ற அமெரிக்க அச்சுத் தர ப்ரொஃபைலில் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என மொத்தம் 300 சதவீதம். தகடுகள் இம்மி விலகினாலும் தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் அடைத்துக்கொள்ளும். எழுத்துக்குக் கருப்பு 100 மட்டும் போதும், ஓவர்பிரிண்ட் (அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடிப்பது) போடுங்கள். பெரிய கருப்புப் பட்டைக்கு மட்டும் மற்ற மைகளைச் சேர்க்கலாம்.

எது அடித்தாலும் திரையை விட இருட்டாகவே வருகிறது.
(புகைப்படக்காரர், காரைக்குடி)

அநேகமாக உங்கள் திரையின் வெளிச்சம்தான் கூடுதல். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா (வெளிச்ச அளவு) வரை இறக்கி, கருவி வைத்து அளவுதிருத்தம் செய்யுங்கள். புரூஃபை (மாதிரி அச்சை) 5000 கெல்வின் விளக்கில் பாருங்கள். சாதாரண டியூப்லைட்டில் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டாம். பிரஸ்ஸுக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்டாகவே அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.