கடலூரில் தொடங்கிய தடுப்பூசி அட்டவணையைப் பிரான்சில் தொடர்வது

வணக்கம் தம்பி. வேலைக்காக நீங்கள் மட்டும் பாரிஸ் புறநகருக்கு முன்னே வந்திருப்பதாகவும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் மனைவியையும் பிள்ளைகளையும் இன்னும் இரண்டு மாதத்தில் அழைத்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். மகளுக்கு ஐந்து வயது நான்கு மாதம், மகனுக்குப் பத்து மாதம். பூஸ்டர் ஊசிகளை ஊரிலேயே முடித்துவிட்டு அழைத்து வருவதா, இங்கே வந்தபின் போடுவதா, ஊரில் போட்டதை ஏற்காமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடச் சொல்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவன் அல்லன். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து வந்து இங்கே குடியேறி, பிள்ளைகளை இரண்டு நாட்டு அட்டவணைகளுக்கும் நடுவில் வளர்த்தவன். அந்த அளவில் சொல்கிறேன், முடிவு மருத்துவருடையது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து வருபவர்களை அதிகம் கலங்கடிப்பது அதுதான். முதலிலிருந்து தொடங்கச் சொல்ல மாட்டார்கள். தேதியோடு எழுதப்பட்ட ஒவ்வொரு தவணையும், உரிய வயதிலும் இடைவெளியிலும் போடப்பட்டிருந்தால், இங்கே கணக்கில் சேரும். விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஆனால் "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்ற வாய்ச்சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. ஆகவே உங்கள் மனைவி இந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை தாள்களைத் திரட்டுவதுதான். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் போட்டது ஒரு மருத்துவமனையில், அடுத்த தவணைகள் புதன்கிழமை ஊசி போடும் நர்சம்மாவிடம், இடையில் ஒன்றிரண்டு தனியார் கிளினிக்கில் என்று மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பது வழக்கம். தாய் சேய் நல அட்டையில் அரசு ஊசிகள் மட்டும் இருக்கும், கிளினிக் புத்தகத்தில் மற்றவை இருக்கும். இரண்டையும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து உங்களுக்கு இப்போதே அனுப்பச் சொல்லுங்கள். தேதி விடுபட்ட கட்டங்களை அங்கேயே பதிவேட்டைப் பார்த்து நிரப்பிக் கையெழுத்து வாங்குவது எளிது, இங்கிருந்து அதைச் செய்வது பெரும்பாடு.

அட்டை தொலைந்தவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் அட்டை கரைந்துபோன ஒரு குடும்பத்தை அறிவேன். இங்குள்ள மருத்துவர் பிள்ளைக்கு ஒரு தவணை போட்டுவிட்டு, நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் இரத்தத்தில் ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) எதிரான எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்து, முன்பு முழுமையாகப் போடப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்தார். ஆனாலும் பிள்ளையின் கையில் தேவையில்லாமல் ஓர் ஊசி ஏறியது, தாள் இருந்திருந்தால் அதற்கு அவசியமே இருந்திருக்காது.

இனி மகன். அவன் விஷயத்தில்தான் இரு அட்டவணைகளும் மிகவும் விலகி நிற்கின்றன. ஊரில் 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலண்ட் என்னும் ஐந்து நோய் ஊசியைப் போட்டு, பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி) முதல் பூஸ்டரைப் போடுவார்கள். பிரான்சில் 2, 4 மாதங்களில் இரண்டு தவணை, 11ஆம் மாதத்தில் பூஸ்டர். ஆகையால் கடலூர் கணக்கில் எந்தத் தாமதமும் இல்லாத பிள்ளை, ஒரு வயதில் விமானத்திலிருந்து இறங்கும்போது பிரெஞ்சுக் கணக்கில் பூஸ்டர் தவறியவனாக இருப்பான். இதற்காக ஊரில் அவசரப்பட்டு ஒன்றைப் போட வேண்டாம். வந்த முதல் வாரங்களிலேயே இங்கே போட்டுவிடலாம். இன்னொன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் பெண்டாவேலண்டில் மஞ்சள் காமாலை பி உண்டு, போலியோ கிடையாது. அது சொட்டு மருந்தாகவும் தனி ஊசியாகவும் போடப்படுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஐந்து நோய் ஊசி என்று அறிந்திருப்பதில் போலியோ உண்டு, மஞ்சள் காமாலை பி இல்லை. அட்டையில் அந்த ஒரு பெயரை மட்டும் பார்த்தால் அவர் தலைகீழாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. போலியோவுக்கான கட்டங்களையும் விரல் வைத்துக் காட்டுங்கள்.

ஒன்பதாம் மாதத்தில் அவனுக்குப் போட்டிருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வீணல்ல, அது அந்த வயதுக்குரிய பாதுகாப்பைத் தந்திருக்கிறது. ஆனால் ஒரு வயதுக்கு முன் போட்டது என்பதால் இங்கே 12ஆம் மாதத்திலும் 16 முதல் 18 மாதத்துக்குள்ளும் ரோர் எனப்படும் மூன்று நோய் ஊசியை இரு தவணையும் போடுவார்கள். பொன்னுக்கு வீங்கிக்கு எதிரான மருந்து நம் அரசு ஊசியில் இல்லை, ரோரில் இருக்கிறது. மூளைச்சவ்வு அழற்சியைத் தடுக்கும் மெனிங்கோகாக்கல் ஊசிகள் நம் அரசு அட்டவணையிலேயே கிடையாது. இங்கே 2025 ஜனவரி 1 முதல் அவற்றில் இரண்டு வகைகள் கைக்குழந்தைகளுக்குக் கட்டாயம். ஆக, முதல் சந்திப்பிலேயே இரண்டு மூன்று ஊசி போடுவார்கள். வீட்டில் பாட்டிமார் பதறினாலும், ஒரே நாளில் பல ஊசி போடுவது உலகெங்கும் உள்ள நடைமுறைதான்.

மகளைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது, ஒன்றரை வயதில் போட வேண்டிய முதல் பூஸ்டரும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் அட்டையில் இருக்கின்றனவா என்பதே. கொரோனாக் காலத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்த வயதில் ஏதாவதொன்று தள்ளிப்போயிருக்கிறது. முத்தடுப்பு பூஸ்டர் விடுபட்டிருந்தால் தாமதிக்காமல் கடலூரிலேயே போடுங்கள், ஆனால் பயணத்துக்கு முந்தைய நாள் அல்ல. ஊரில் போடும் முத்தடுப்பு ஊசிக்குக் காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் சற்று அதிகமாக வரும், அதோடு பத்து மணி நேர விமானப் பயணம் யாருக்கும் இன்பமாக இராது. முதல் பூஸ்டர் முறையாகப் போட்டிருந்தால், ஐந்து முதல் ஆறு வயதுக்குள் ஊரில் போடும் இரண்டாம் பூஸ்டருக்கு நான் அவசரப்பட மாட்டேன். இங்கே ஆறு வயதில் போடும் ஊசியில் அதே மூன்று நோய்களோடு போலியோவும் சேர்ந்திருக்கிறது. பயணம் தள்ளிப்போய் ஆறு வயது நெருங்கினால் கடலூரிலேயே போட்டுவிடலாம். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று சில மாத இடைவெளியில் இரண்டும் போடுவதுதான் கூடாது. முத்தடுப்பு ஊசி மிகையானால் கை முழுதும் வீங்கிச் சிவக்கும். இரண்டு வயதைத் தாண்டிய ஆரோக்கியமான பிள்ளைக்கு, நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி இங்கே கேட்க மாட்டார்கள். ரோர் மட்டும் அவளுக்கும் வேண்டியிருக்கும்.

பள்ளியில் சேர்க்க மறுப்பார்களோ என்ற அச்சம் வேண்டாம். கட்டாய ஊசிகளில் குறையிருந்தால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, முடிக்க மூன்று மாத அவகாசம் தருவார்கள்.

இங்கே போவது எங்கே என்றால், பே.எம்.ஈ. என்று எல்லோரும் சொல்லும் தாய்சேய் நல நிலையத்துக்குத்தான். ஆறு வயது நிறையும் வரை அங்கே இலவசம். காப்பீட்டு அட்டை வந்து சேர மாதங்கள் ஆனாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு அந்த வாய்ப்பு வந்தபின் ஆறு மாதம்தான் இருக்கும் என்பதால் நீங்கள் இப்போதே போய்ச் சந்திப்பு நாள் கேட்டு வைப்பது நல்லது. கார்னே த சாந்தே என்னும் உடல்நலப் புத்தகத்தையும் அங்கேயே கேளுங்கள். ஊர்த் தவணைகள் அத்தனையையும் மருத்துவரே அதில் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு பள்ளிக்கோ கிரெஷ் எனப்படும் குழந்தைகள் காப்பகத்துக்கோ பழைய அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். தனி மருத்துவரிடம் போனால் நடைமுறை வேறு. நம் ஊர்க் கிளினிக்கில் மருந்து மருத்துவரின் குளிர்பெட்டியிலேயே இருக்கும், இங்கே அவர் சீட்டு எழுதுவார், நீங்கள் மருந்துக்கடையில் வாங்கி, சந்திப்பு நாள் வரை வீட்டுக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்து கொண்டு போக வேண்டும். உறைபனிப் பகுதியில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். ரோருக்கு முழுச் செலவையும் அரசுக் காப்பீடு ஏற்கும். மற்றவற்றுக்கு 65 விழுக்காடு, மீதியை உங்கள் நிறுவனத்தின் துணைக் காப்பீடு தரும்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் பகுதி நர்சம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள். அவருடைய பட்டியலில் மகனுக்கு 16ஆம் மாதத்தில் முத்தடுப்பு பூஸ்டரும், கடலூர் மாவட்டத்தில் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியின் இரண்டாம் தவணையும் நிலுவையில் நிற்கும். விடுமுறைக்கு நீங்கள் வரும்போது தாத்தா பாட்டி ஒரு புதன்கிழமை அவனை அங்கே தூக்கிக்கொண்டு போய்விடக்கூடும். முத்தடுப்பு பூஸ்டர் இங்கேயே முடிந்திருக்கும். மூளைக்காய்ச்சல் ஊசி வேண்டுமா என்பது எந்த மாதத்தில் போகிறீர்கள், எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்பே இங்குள்ள மருத்துவரிடம் கேளுங்கள். மஞ்சள் காமாலை ஏ, டைபாய்டு ஊசிகளைப் பற்றியும் அப்போதே பேசிவிடலாம்.