கத்திரி வெயிலில் கேஸ் பிஸ்டல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் பயிற்சிக் கூடத்தில் கார்பன் டை ஆக்ஸைடில் இயங்கும் பழைய 10 மீட்டர் பிஸ்டல் ஒன்று சும்மா கிடக்கிறது. காற்று சிலிண்டருக்கு மாற்றும் கிட் வாங்கலாமா? மரை சேராவிட்டால் லேத் பட்டறையில் அடாப்டர் கடைந்துகொள்ளலாமா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: கிட் வாங்கலாம். அடாப்டர் மட்டும் கடையாதீர்கள். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவமாக இருக்கும். 20 டிகிரி வெப்பத்தில் அழுத்தம் 57 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). பழைய வால்வு அதற்கென்றே செய்யப்பட்டது. காற்றையோ 200 பாருக்கு அடைக்கிறோம். நடுவில் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் முடுக்கினால் அந்த அழுத்தமே வால்வை இறுக்கிப் பூட்டிவிடும், பிஸ்டலுக்குள் இருக்கும் சுத்தியல் அடித்தும் திறக்காது. இல்லையென்றால் சீல் பிய்யும். கடைந்த மரை வழுக்கினால் சிலிண்டர் பாய்ந்து ஆளையே அடிக்கும்.

பிஸ்டலைச் செய்த நிறுவனத்தின் கிட்தான் வேண்டும். மாடல் பெயர் ஒன்றாக இருப்பது போதாது. வால்வின் அமைப்பை இடையில் மாற்றியிருக்கக்கூடும். வரிசை எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். கிட்டில் சிலிண்டர், ரெகுலேட்டர், வால்வு, ஸ்பிரிங், ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிலிண்டரில் பொறித்த தேதியும் முக்கியம். சர்வதேசப் போட்டி விதிப்படி அதிகபட்சம் 10 ஆண்டுதான்.

பலரும் தவறுவது ஓ-ரிங்கில். கேஸை உறிஞ்சி ஊறிப்போன ரப்பர், 200 பாரில் இடுக்கில் பிதுங்கிக் கிழியும். ஒன்று விடாமல் மாற்றுங்கள். மேலே சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கூடாது. அழுத்தக் காற்றில் அது தீப்பற்றி வெடிக்கக்கூடும்.

மாட்டியதும் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். ஒரு ராத்திரி விட்டுக் காலையில் கேஜ் காட்டும் அழுத்தம் இறங்கவில்லையென்றால் சரி. பிறகு குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் சுட்டுப் பார்க்க வேண்டும். 0.45 கிராம் ஈயக்குண்டு நொடிக்கு 150 மீட்டர் அளவில் போனால் ஆற்றல் 5 ஜூல்தான். உரிமம் தேவைப்படுவது ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினால், அல்லது 4.5 மில்லிமீட்டரைவிடப் பெரிய துளையானால்.

மதுரைக்கு இந்த மாற்றம் அவசியம் என்றே சொல்வேன். 31 டிகிரியைத் தாண்டினால் கார்பன் டை ஆக்ஸைடு திரவமாகவே நிற்காது, அழுத்தம் எகிறும். காலையில் ஒரு வேகம், மதியம் ஒரு வேகம் என்றால் பிள்ளைகள் குறியை எப்படிப் பழகுவார்கள்? அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் வைத்தால் அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து கேஸை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடே கிழிந்துவிடும்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் தம்பி 9 எம்.எம். பிஸ்டலுக்கு, சிறிய .22 தோட்டாவைச் சுட உதவும் கிட் போட்டான். தோட்டா அடிக்கடி சிக்குகிறதாம். ஏன்?
– வாசகர், மேலூர்

பதில்: .22 தோட்டாவின் உதைப்பு குறைவு. அதனால்தான் கிட்டில் எடை குறைந்த அலுமினிய ஸ்லைடு (சுட்டதும் பின்னால் நகரும் மேல்பாகம்) வருகிறது. வேகம் குறைந்த தோட்டா போட்டால் அதுகூட முழுதாகப் பின்னால் வராது. 40 கிரெயின் (குண்டின் எடை அலகு) அதிவேகத் தோட்டா போட்டுப் பார்க்கட்டும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டினாலும் சிக்கும். கிட் அந்தப் பிஸ்டலின் தலைமுறைக்கு உரியதுதானா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டாம். நம் ஆயுதச் சட்டத்தில் உதிரிபாகமும் ஆயுதம்தான்.