பம்ப்கின் பை ஸ்பைஸ் பொடியை வீட்டிலேயே அரைக்க முடியுமா? அதற்குப் பதில் கரம் மசாலா போடலாமா?

தாராளமாக அரைக்கலாம். கரம் மசாலா மட்டும் வேண்டாம். அதில் பெரும்பாலும் மிளகும் சீரகமும் மல்லியும் இருக்கும், இனிப்பில் போட்டால் குருமா வாசனைதான் வரும்.

பெயரில் பம்ப்கின் இருந்தாலும் பொடியில் பரங்கிக்காய் கிடையாது. அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. அன்றைக்குச் செய்யும் பரங்கிக்காய்ப் பைக்கு (மாவு ஓட்டில் பூரணம் ஊற்றி ஓவனில் சுடும் இனிப்பு) போடுகிற பொடி என்பதால் அந்தப் பெயர். 2003-ல் ஸ்டார்பக்ஸ் இந்த மணத்தில் காபி போட ஆரம்பித்த பிறகு, பை சாப்பிடாதவர்களுக்கும் பெயர் தெரிந்துவிட்டது.

நான் நியூ ஜெர்சிக்கு வந்த வருஷத்திலிருந்து அக்டோபர் பிறந்ததும் ஒரு சின்ன பாட்டில் அரைத்து வைக்கிறேன். அளவு இதுதான்: பட்டைத்தூள் 9 டீஸ்பூன், சுக்குப்பொடி 3, ஜாதிக்காய்த்தூள் 2, கிராம்புத்தூள் 1, ஆல்ஸ்பைஸ் தூள் 1. எல்லாம் தலைதட்டிய டீஸ்பூன். 425 கிராம் பரங்கிக்காய் விழுது டின் ஒன்றில் 9 அங்குல பை ஒன்று வரும், அதற்கு 2 டீஸ்பூன் பொடி போதும். ஆக, இந்த அளவு எட்டு பைக்கு வரும்.

முதல் வருஷம் நம் ஊர்ப் பழக்கத்தில் எல்லாவற்றையும் வெறும் வாணலியில் வறுத்துவிட்டேன். அரைக்கும்போது வீடே மணத்தது. ஆனால் பை வெந்து வந்ததும் அடிநாக்கில் ஒரு கசப்பு.   பை ஓவனில் ஒரு மணி நேரம் இருக்கிறது, முதல் கால் மணி நேரம் 220 டிகிரி செல்சியஸில். அந்தச் சூடே போதும், வறுக்கவே வேண்டாம்.

பட்டையில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் காசியா. தடித்த பட்டை, இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும், மிக்ஸி பிளேடோடு சண்டை போடும். இலங்கைக் கறுவா மெல்லிய தாள்களை அடுக்கிச் சுருட்டினது போல இருக்கும், கையிலேயே நொறுங்கும். மணம் மென்மை. இந்தப் பைக்கு எனக்குக் காசியாவின் காரம்தான் பிடித்திருக்கிறது. ஆப்பிள் கேக் என்றால் கறுவா. எதை எடுத்தாலும் துண்டாக்கி அரைத்து, கண்டிப்பாகச் சலியுங்கள். பையின் பூரணம் வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக இருக்க வேண்டியது, அதில் ஒரு பட்டைத் துணுக்கு பல்லில் பட்டாலும் மண் கடித்தது போல ஆகிவிடும்.

சுக்கை வீட்டில் இடித்தால் நார்தான் மிஞ்சும், நல்ல பொடியாக வாங்கிவிடுங்கள். ஜாதிக்காயை மட்டும் தூளாக வாங்காதீர்கள், அதன் மணம் சீக்கிரம் போய்விடும். முழுக்காயைச் சின்னத் துருவியில் தேயுங்கள். தேய்த்த முகத்தில் பளிங்குக் கல்லில் ஓடுவது போலப் பழுப்பு வரிகள் தெரியும், விரல் நுனியில் லேசாக எண்ணெய் ஒட்டும். அப்படி இருந்தால் நல்ல காய்.

கிராம்பில் கை தாராளமாகப் போனால் பல்வலித் தைலம்தான். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் யூஜெனால் என்ற பொருள்தான் கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி. ஆல்ஸ்பைஸிலும் அதுவே முக்கிய மணம். பெயரைப் பார்த்து அது பல மசாலாக்களின் கலவை என்று நினைக்கிறார்கள். இல்லை, மிளகைவிடச் சற்றுப் பெரிதான ஒரே காய், ஜமைக்காவில் நிறைய விளைகிறது. கிடைக்கவில்லையா, விட்டுவிட்டுக் கிராம்பை மட்டும் கால் டீஸ்பூன் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பொடியை நேராக முட்டையிலும் பாலிலும் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். முதலில் சர்க்கரையோடு கலந்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். மீதியை இறுக மூடி, அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியைத் தவிர வேறு எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். ஆறு மாதம் தாங்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். மணம் உடனே எழவில்லை என்றால் புதிதாக அரைத்துக்கொள்ளுங்கள்.