மகள் கடலைப் படிக்கப் போகிறாளாம்

கேள்வி: மகள் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். கடலோட்டங்களை ஆராய்ந்து, பிறகு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்க வேண்டுமாம். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் கடல் பற்றிய பேச்சே குறைவு. இதற்கு வேலை இருக்கிறதா? எங்கே சேர்ப்பது? எவ்வளவு காலம், எவ்வளவு காசு?
- ஒரு தாய், முல்லைத்தீவு

பதில்: அம்மா, வேலையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் பல்கலைக்கழக விண்ணப்பம். அதில் விடும் பிழையைத் திருத்துவதுதான் ஆகக் கடினம்.

மகள் சொல்லும் துறைக்குப் பெயர் பௌதிக சமுத்திரவியல். மீன், பவளப்பாறை, கடற்புல் எல்லாம் வேறு துறை. கடல்நீர் ஏன் ஓடுகிறது, எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, காற்று அதை எப்படித் தள்ளுகிறது, பூமி சுழல்வதால் அந்த ஓட்டம் எந்தப் பக்கம் வளைகிறது என்பதெல்லாம் இதற்குள் வரும். இதன் முதுகெலும்பு பௌதிகவியலும் கணிதமும்தான். அதனால் விண்ணப்பத்தில் ‘கடல்’ என்ற சொல்லைத் தேடிப்போவது பலர் விடும் முதல் தவறு. மாத்தறையில் றுகுணு பல்கலைக்கழகத்தின் மீன்பிடி, கடல் விஞ்ஞான பீடத்தில் சமுத்திரவியலுக்கென்றே ஒரு துறை உண்டு. நல்ல இடம். ஆனால் அந்தப் பாடநெறிகளில் உயிரியல், நீருயிர் வளர்ப்பு, வள முகாமைத்துவம் ஆகியவற்றுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. கணிதப் பிரிவுப் பிள்ளைக்கு அதற்குத் தகுதி உண்டா என்பதை பல்கலைக்கழக அனுமதியை நடத்தும் மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலில் பாடச் சேர்க்கையைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். கொழும்பு மட்டக்குளியிலுள்ள சமுத்திரப் பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் உருவானது. தொழிற்பயிற்சிப் பக்கம் சாய்ந்த அந்த நிறுவனத்தை மானியங்கள் ஆணைக்குழுப் பல்கலைக்கழகங்களோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

உங்கள் மகளுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது: பௌதிக விஞ்ஞானப் பாடநெறி, அதில் பௌதிகவியல் அல்லது கணிதச் சிறப்புப் பட்டம். யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, றுகுணு எங்கே கிடைத்தாலும் சரி. குடிசார் பொறியியல் கிடைத்தால் கரையோரப் பொறியியல் வழியாகவும் இந்தத் துறைக்குள் வரலாம். விருப்ப ஒழுங்கை மேலிருந்து கீழே பார்த்து, மகளின் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி) எட்டும் முதலாவது இடத்தைத்தான் தருவார்கள். ஆகவே ‘கிடைக்காது’ என்று நினைத்து விரும்பியதைக் கீழே போடவேண்டாம். மேலே போடுவதால் நட்டமில்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் வசதி குறைந்த மாவட்டப் பட்டியலில் இருப்பவை. அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டச் சனத்தொகைக்கு 55 வீதம், வசதி குறைந்த மாவட்டங்களுக்கு 5 வீதம் என்பது இடப் பங்கீடு. கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனமுடைந்து போகவேண்டாம்.

உள்ளே போனபின் வரும் முதல் கண்டம் ஆங்கிலம். விரிவுரை, குறிப்பு, பரீட்சை எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளை முதல் அரையாண்டில் சறுக்குவது கணக்குத் தெரியாமல் அல்ல, கேள்வி விளங்காமல். அந்த ஒரு அரையாண்டின் புள்ளி நாலு வருடத்துக்கும் கூடவே வரும். ஏனென்றால் சிறப்புப் பட்டத்துக்கு ஆளைத் தெரிவது ஆரம்ப வருடங்களின் சராசரிப் புள்ளியான ஜிபிஏயை வைத்துத்தான். அதில் தவறினால் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வரவேண்டியிருக்கும். பொதுப் பட்டத்தோடு பாடசாலை ஆசிரியராகலாம், வங்கிக்குப் போகலாம், குறையொன்றும் இல்லை. ஆனால் விரிவுரையாளராவதற்கு அது இடறும். நம் பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்குப் பொதுவாகக் கேட்பது, உரிய பாடத்தில் நாலு வருடச் சிறப்புப் பட்டம், அதுவும் முதலாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேல்நிலை. ‘உரிய பாடத்தில்’ என்ற இரண்டு சொல்லும் முக்கியம். வெளிநாட்டில் சமுத்திரவியல் கலாநிதிப் பட்டம் எடுத்துவந்தாலும், முதற்பட்டம் பௌதிகவியல் சிறப்பாக இருந்தால் பௌதிகவியல் துறையின் கதவும் திறந்திருக்கும். சமுத்திரவியல் துறைகள் இலங்கையில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பௌதிகவியல் துறை விஞ்ஞான பீடம் ஒவ்வொன்றிலும் உண்டு.

சரி, காலம். உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகத்தில் நுழைந்து, நாலு வருடச் சிறப்புப் பட்டம் முடிக்கும்போது வயது 25 ஆகிவிடும். முதுமாணி இரண்டு வருடம், கலாநிதி நாலைந்து வருடம். அமெரிக்காவில் முதுமாணி இல்லாமலே நேரே கலாநிதிக்கு எடுப்பார்கள், ஐந்தாறு வருடம் போகும். பிறகு பலர் இரண்டு மூன்று வருடம் பட்டப்பின் ஆய்வாளராக இருப்பார்கள். ஆக, நிலையான கதிரையில் அமர முப்பதைத் தாண்டும். கலியாணப் பேச்சு இடையில் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதை இப்போதே வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இன்னொரு வழி, பட்டம் முடித்தவுடன் தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்து, பிறகு தகுதிகாண் பதவி கிடைத்துச் சம்பளத்தோடு கல்வி விடுமுறையில் போவது. அதற்கு ஒப்பந்தமும் பிணையாளிகளும் வேண்டும். திரும்பிவந்து குறித்த வருடம் பணியாற்றாவிட்டால் காசைக் கட்டவேண்டும். பிணை நிற்கும் உறவினருக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

காசு. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்: பௌதிக சமுத்திரவியலில் கலாநிதிப் படிப்புக்குச் சொந்தக் காசு கட்டக்கூடாது. நல்ல இடங்களில் கட்டணத்தைத் தள்ளி, மாதப் படியும் தருவார்கள். நோர்வே போன்ற நாடுகளில் கலாநிதி மாணவர் சம்பளம் பெறும் ஊழியர். அதே நோர்வேயில் முதுமாணிக்கு ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வருபவர்களிடம் 2023 முதல் கட்டணம் வாங்குகிறார்கள். முதுமாணிக்கு நகையை அடகுவைத்து, காணியை ஈடுவைத்து அனுப்பச் சொல்லும் ஏஜென்சிக்காரர் சொல்வதைக் கேட்கவேண்டாம்.

காசில்லாமல் போகக்கூடிய சில வாசல்களைச் சொல்கிறேன். இத்தாலியின் திரியெஸ்த் நகரில், அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையம் இருக்கிறது. அங்கே வளர்முக நாட்டு மாணவருக்குப் புவித்தொகுதிப் பௌதிகவியலில் ஒரு வருட டிப்ளோமா உண்டு. பயணச் செலவும் வாழ்க்கைச் செலவும் அவர்களே. நம் பௌதிகவியல் பட்டதாரிக்கும் மேல்நாட்டுக் கலாநிதிப் படிப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்ப இதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியவில்லை. இந்தியாவில் கொச்சி விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பௌதிக சமுத்திரவியலுக்கென்றே துறை இருக்கிறது. விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வானிலையும் சமுத்திரவியலும் ஒரே துறையில். இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிக்கு உதவும். நிப்பொன் அறக்கட்டளையின் பணத்தில் ஜெர்மனியில் நடக்கும் பத்து மாதக் கடல் அவதானிப்புப் பயிற்சியும், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நடக்கும் ஒரு வருடக் கடலடி வரைபடப் பயிற்சியும் பட்டத்துக்குப் பின் நல்லவை.

அமெரிக்க விண்ணப்பங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் ஆகஸ்ட், செப்டெம்பரில் போகவேண்டும். அவருடைய ஒரு கட்டுரையை வாசித்து, அதில் எந்தப் படம் விளங்கியது, எந்த இடத்தில் கேள்வி வந்தது என்று நாலு வரி; தன் ஆய்வேடு பற்றி நாலு வரி; அடுத்த வருடம் மாணவர் எடுக்கப் பணம் இருக்கிறதா என்று நேரடியாக ஒரு வரி. ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஒருவரும் பதில் போடார்.

கையில் இருக்கவேண்டிய கருவி கணினி நிரல். பைதன் என்ற நிரல்மொழி போதும், இலவசம். உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் தாமாக மிதக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் ஆழத்துக்கு இறங்கி, ஏறி வரும்போது வெப்பமும் உப்பும் அளந்து செய்மதிக்கு அனுப்பும். வங்காள விரிகுடாவிலும் உண்டு. தரவு எல்லோருக்கும் இலவசம். முள்ளியவளையில் இருந்தபடியே இறக்கலாம். இந்தத் தரவை முதன்முதல் வரைபடமாக வரைபவர்கள் வழக்கமாக முட்டுப்படும் இடங்களைச் சொல்லிவைக்கிறேன். வரைபடம் முழுக்க ஒரு மூலையில் சுருங்கிக் கிடந்தால், வெறுமையான இடங்களில் போட்டிருக்கும் 99999 என்ற எண்ணையும் அளவீடென்று எடுத்துவிட்டீர்கள். திகதி ஏதோ ஐந்திலக்க எண்ணாக வந்தால் பயப்படவேண்டாம், அது 1950 ஜனவரி 1இலிருந்து எண்ணிய நாள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் ஒரு தரக்குறி இருக்கும். 1 என்றால் நல்லது, 4 என்றால் கெட்டது. அதைப் பாராமல் வரைந்த படத்தை எந்தப் பேராசிரியரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்.

ஊர்ப் பிள்ளைக்கு இந்தத் துறையில் ஒரு அனுகூலமும் உண்டு. பூமிச் சுழற்சி கடலோட்டத்தை வளைக்கும் வேகம் அகலாங்கைப் பொறுத்தது. காற்று ஓய்ந்தபின் நீர் வட்டமடித்துத் திரும்ப எடுக்கும் நேரம் நோர்வேயின் பேர்கனில் 14 மணிக்கும் குறைவு. முல்லைத்தீவு வட அகலாங்கு 9.27 பாகையில் இருப்பதால் இங்கே அது சுமார் 74 மணி, மூன்று நாளுக்கு மேல். மேல்நாட்டுப் பாடநூல் உதாரணங்கள் இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுவும் ஒரு காரணம். சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றின்போது, இலங்கைக்குக் கிழக்கே, ஆழத்துக் குளிர்நீர் மேலெழும்பி ஒரு குவிமாடம் போலப் புடைத்து நிற்கும். கடல் ஆய்வாளர்கள் வினயசந்திரனும் யமகாட்டாவும் 1998இல் விவரித்த ‘இலங்கைக் குவிமாடம்’ அதுதான். உங்கள் கரைக்கு வெளியே நடப்பதை ஆராய உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தமிழ் பேசும் ஆய்வாளர் அதில் குறைவு.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இலங்கையில் இந்தத் துறைக்கு விரிவுரையாளர் பதவி வருடாவருடம் வராது. ஆராய்ச்சிக் கப்பல்களும் மிகக் குறைவு. 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு அரசு ஒரு வருடத் தடை போட்டபோது கப்பலை நம்பித் திட்டம் போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். அதனால் செய்மதித் தரவு, மிதவை, கடலோட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி இவற்றில் ஒன்றையாவது தனியாகச் செய்யத் தெரிந்திருக்கவேண்டும். பதவி கிடைக்காவிட்டால் அரசின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா, வளிமண்டலவியல் திணைக்களம், துறைமுக, கரையோர ஆலோசனை நிறுவனங்கள், வெளிநாட்டில் காற்றாலை, காப்புறுதி நிறுவனங்களின் தரவு வேலை எல்லாம் இதே திறமைக்குத் திறக்கும் கதவுகள். விரிவுரையாளர் வேலையிலும் ஆராய்ச்சி பாதிதான். மீதி செய்முறை வகுப்பு, விடைத்தாள், கூட்டம்.

கடலில் பெண்பிள்ளை என்ற பயம் நியாயமானது. ஆராய்ச்சிப் பயணம் இரண்டு மூன்று வாரம் போகும். பெண்களுக்கு வேறாக அறை, ஒரு நாளில் 12 மணி நேர முறைவேலை. கடல்மயக்கம் முதல் மூன்று நாள் வாட்டும். கணினி மாதிரி செய்பவர்கள் பலர் கப்பலேறாமலே பேராசிரியராகிறார்கள். அந்தத் தெரிவை மகளிடமே விடுங்கள்.

முடிவு வரும்வரை இரண்டு வேலை. ஒன்று, பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு நாலிலும் ஆங்கிலப் பெயர் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கவேண்டும். ஒன்றில் முதலெழுத்து, மற்றதில் தகப்பனின் முழுப்பெயர் என்றிருந்தால் விசா நேரத்தில் அல்லாடவேண்டிவரும். யுத்தத்தில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்து உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்திருந்தால், பிரதேச செயலகத்தில் மூலப்பதிவைத் தேடிப்பார்க்கச் சொல்லி இப்போதே விண்ணப்பியுங்கள்.

மற்றது மகளுக்கு: நந்திக்கடலின் வற்றுப்பெருக்கைத் தானே அளந்து பார்ப்பது. இரண்டு மீற்றர் பிவிசி குழாய், அடிப்பக்கம் நாலைந்து சிறு துளை. வெளியில் சிற்றலை அடித்தாலும் உள்ளே நீர் மெல்லத்தான் ஏறி இறங்கும். நந்திக்கடல் கரையில் ஆழம் குறைந்த இடத்தில் நட்டு, உள்ளே ஒரு அளவுகோல். அரைமணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிக்கவேண்டும், 25 மணி நேரம். வற்றும் பெருக்கும் இரண்டு முறை வந்துபோக 24 மணி 50 நிமிடம் எடுக்கும். இரவுக்குத் தகப்பனோ மாமாவோ கூட நிற்கட்டும். குழாய் சேற்றில் புதைந்தால் அளவு முழுக்கப் பிழைக்கும். ஆகவே பக்கத்து மதகின் கொங்கிரீட் விளிம்பிலிருந்து குழாய் உச்சிக்குள்ள உயர வித்தியாசத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்கவேண்டும். வட்டுவாகல் முகத்துவாரம் மணலால் மூடியிருந்தால் வற்றுப்பெருக்கே தெரியாது. காற்றடித்தால் மட்டும் ஒரு கரையில் நீர் ஏறி மறுகரையில் இறங்கும். திறந்திருந்தால் கடலின் பெருக்கு குறைந்து, பிந்தி வரும். எவ்வளவு பிந்துகிறது என்பதை அவள் கணக்கிட்டு எழுதட்டும். மாரி மழை பிடித்து முகத்துவாரம் வெட்டும் நாட்களில் மட்டும் போகவிட வேண்டாம். இழுவை பலம்.